முட்டையும் வேண்டாம், கோதுமையும் வேண்டாம்: ஜெர்மன் உருளைக்கிழங்கு உருண்டைக்கு எந்த வழி நல்லது?

எர்ஃபுர்ட்டில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் ஞாயிறு மதியம் படியேறினால், உருளைக்கிழங்கு வேகும் வாசனையும் சிவப்பு முட்டைக்கோஸில் போட்ட கிராம்பின் வாசனையும் சேர்ந்து வரும். எர்ஃபுர்ட் இருக்கும் தூரிங்கியா மாநிலத்தில் ஞாயிறு என்றால் க்ளோஸ். கைக்கு அடங்கும் அளவில் உருட்டி, வெந்நீரில் வேகவைத்து, மேலே குழம்பு ஊற்றிச் சாப்பிடும் உருளைக்கிழங்கு உருண்டை. தெற்கே பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் இதையே க்னோடல் என்பார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் என் மகளுக்கு சீலியாக் நோய் என்று தெரிந்தது. குளூட்டன் என்ற புரதம் உள்ள கோதுமை, பார்லி, ரை எதுவும் அவள் தட்டுப் பக்கம் வரக்கூடாது. என் நாத்தனார் லைப்சிக்கில் இருக்கிறாள், முழு வீகன், முட்டை, பால்கூடத் தொடமாட்டாள். இருவரும் ஒரே மேசையில் உட்காரும் நாளில் எல்லோருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாற வேண்டும் என்பது என் ஆசை. மகளுக்குத் தனிக் கிண்ணம் வைத்தால் அவள் முகம் சுருங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் மாற்றுப்பொருள் தேடித்தான் அலைந்தேன். முட்டைக்குப் பதில் ஊறவைத்த ஆளிவிதை, கோதுமை மாவுக்குப் பதில் கடையில் விற்கும் குளூட்டன் இல்லாத மாவுக் கலவை. ஆளிவிதை போட்ட உருண்டையில் பழுப்புப் புள்ளிகளும் ஒரு கசப்பும் வந்தன. மாவுக் கலவையில் செய்தது உள்ளே களி போல இருந்தது. அப்புறம் அடுத்த வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். "க்ளோஸில் எதற்கு முட்டை?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் வீட்டு உருண்டையில் உருளைக்கிழங்கு, உப்பு, தண்ணீர் தவிர ஒன்றும் கிடையாது. நடுவில் வைக்கும் வறுத்த ரொட்டித் துண்டில் மட்டும்தான் கோதுமை.

அன்றிலிருந்து என் கேள்வி மாறிவிட்டது. எதை எதற்குப் பதிலாகப் போடுவது என்று கேட்பதை விட்டு, ஏற்கெனவே முட்டையும் மாவும் இல்லாமல் நிற்கும் பழைய முறைகளில் எது நம் வீட்டுக்கு ஒத்துவரும் என்று பார்க்க ஆரம்பித்தேன். நாலு வழிகளையும் பல தடவை செய்து பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

ஏன் முட்டை இல்லாமலே நிற்கிறது?

கொழுக்கட்டைக்கு அரிசி மாவில் கொதிநீர் ஊற்றிக் கிளறுகிறோமே, இங்கே நடப்பதும் அதுதான். உருளைக்கிழங்கில் உள்ள ஸ்டார்ச் துகள்கள் சுமார் 60 டிகிரியைத் தாண்டியதும் தண்ணீரைக் குடித்து உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டுதல் போதும். முட்டை போட்டால் உருண்டை உடையாது என்பது உண்மைதான், ஆனால் வெந்தபின் இறுகிவிடும், கரண்டியால் வெட்டும்போது துள்ளும். கோதுமை மாவும் ரவையும் ஈரம் அதிகமான கிழங்கைச் சமாளிக்கச் சேர்ப்பவை. ஈரம் குறைவான கிழங்கை வாங்கிவிட்டால் அவற்றுக்கு வேலையே இல்லை.

அதனால் முதல் முடிவு கிழங்கில்தான். ஜெர்மனியில் உருளைக்கிழங்குப் பையில் மூன்று வகை எழுதியிருக்கும்: வெந்தாலும் கெட்டியாக நிற்பது, நடுத்தரம், மாவாக உதிர்வது. பல கடைகளில் பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தாலும் பிரித்து வைப்பார்கள். நமக்கு வேண்டியது நீலம், 'மேலிஷ்கொகண்ட்' என்று எழுதியிருக்கும். இங்கே கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் வந்த அட்ரெட்டா என்ற ரகத்தை வயதானவர்கள் இன்னும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். ஜூன் மாதம் வரும் புதுக்கிழங்கில் ஸ்டார்ச் குறைவு, அதில் இறங்க வேண்டாம். இலையுதிர் காலத்தில் தோண்டிச் சேமித்த கிழங்குதான் சரி.

பையில் எதுவும் எழுதாத ஊரில் இருந்தால் ஒரு சோதனை உண்டு. ஒரு பங்கு உப்புக்குப் பதினொரு பங்கு தண்ணீர் என்று கரைத்து, அதில் கிழங்கைப் போடுங்கள். மாவாக உதிரும் ரகம் அடர்த்தி அதிகமானது, மூழ்கும். கெட்டி ரகம் மிதக்கும்.

வெந்த கிழங்கு மட்டும்: பட்டு உருண்டை

முதல் வழிக்கு ஜெர்மனில் 'ஸைடனெ க்ளோஸெ' என்று பெயர், பட்டு உருண்டை என்று அர்த்தம். வெட்டினால் உள்ளே வழவழவென்று மினுங்குவதால் அந்தப் பெயர். வெந்த கிழங்கும் உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சும் மட்டும் போதும். பல புத்தகங்களில் ஒரு முட்டையும் சேர்த்திருப்பார்கள். விட்டுவிடுங்கள், ஒன்றும் ஆகாது.

ஒரு கிலோ கிழங்கைத் தோலோடு வேகவையுங்கள். தோலை உரித்து வெட்டிப் போட்டு வேகவைத்தால் தண்ணீரைக் குடிக்கும். சூட்டோடு உரித்து, இடியாப்ப உரலில் கொஞ்சம் பெரிய துளை அச்சைப் போட்டுப் பிழிந்துவிடுங்கள். இங்கே இதற்கென்றே உருளைக்கிழங்கு பிழியும் கருவி விற்கிறார்கள், ஆனால் அம்மா ஊரிலிருந்து அனுப்பிய உரலே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. மிக்ஸியில் மட்டும் போடாதீர்கள். பிளேடு கிழங்கின் செல்களைக் கிழித்து ஸ்டார்ச்சை வெளியே கொட்டிவிடும், மசியல் கோந்து போல இழுபடும்.

பிழிந்ததை அகலமான தட்டில் பரப்பி ஆவி போக விடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் 200 முதல் 220 கிராம் ஸ்டார்ச், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் ஜாதிக்காய்த்தூள். முதலில் உதிரி உதிரியாக இருக்கும், பயந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் பிசைந்தால் தானாகச் சேர்ந்துவிடும். உருட்டும்போது வெடிப்பு விட்டால் மட்டும் இரண்டு ஸ்பூன் வெந்நீர். எனக்கு ஒரு கிலோவுக்குப் பதினொன்று, பன்னிரண்டு உருண்டை வரும்.

தராசு இல்லாதவர்களுக்கு சைலீசியாக்காரர்களின் கைக்கணக்கு ஒன்று இருக்கிறது. இப்போது பெரும்பகுதி போலந்தில் இருக்கும் அந்தப் பகுதியின் உருண்டையும் வெந்த கிழங்கும் ஸ்டார்ச்சும்தான், நடுவில் விரலால் ஒரு குழி அழுத்தியிருப்பார்கள். ஆறிய மசியலைப் பாத்திரத்தில் அழுத்திச் சமமாக்கி, கத்தியால் நான்காகக் கோடு போட்டு, ஒரு கால் பாகத்தை எடுத்துவிட்டு, அந்தப் பள்ளம் நிறையும் அளவு ஸ்டார்ச்சைப் போடுவார்கள். எடுத்த பாகத்தைத் திரும்பச் சேர்த்துப் பிசைந்தால் அளவு சரியாக இருக்கும். எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கிழங்கின் அளவு எப்படி மாறினாலும் ஸ்டார்ச்சின் அளவும் கூடவே மாறிக்கொள்கிறது.

ஸ்டார்ச்சில் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்ன்ஃப்ளோர் போட்டால் உருண்டை வெளுத்து, வெட்டும்போது பொடிந்தது. மரவள்ளி ஸ்டார்ச் போட்டால் ரப்பராக இழுத்தது. அரிசி மாவு போட்டது ஆறியதும் கல். உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சுக்கு இணை இல்லை. ஜெர்மன் கடைகளில் 'கார்டோஃபெல்மேல்' என்று விற்பதும் இதே ஸ்டார்ச்தான். வேறு நாடுகளில் உருளைக்கிழங்கு மாவு என்று விற்பது பெரும்பாலும் கிழங்கை உலர்த்தி அரைத்தது. அது வேறு பொருள், இதற்கு ஆகாது.

இந்த வழியின் குறை என்று பார்த்தால், சுவை மென்மையாக, கொஞ்சம் அடக்கமாக இருக்கும். குழம்பு நன்றாக இல்லாவிட்டால் உருண்டை தனியாக நின்று காப்பாற்றாது. மற்றபடி, முதல் முறை செய்பவர்களுக்கு இதைவிட நம்பகமான வழி கிடையாது. கிழங்கு வேகும் நேரம் போக அரை மணி நேரத்தில் முடியும்.

பச்சைக்கிழங்கு: தூரிங்கியா உருண்டை

பாட்டியின் வழி இது. மூன்று பங்கு கிழங்கில் இரண்டு பங்கைப் பச்சையாகத் துருவ வேண்டும், ஒரு பங்கை வேகவைக்க வேண்டும். பச்சைக்கிழங்கில் செய்வதால் இதைப் 'பச்சை உருண்டை' என்றும் சொல்வார்கள். வைமாருக்குப் பக்கத்தில் ஹைஷெல்ஹைம் என்ற ஊரில் இந்த உருண்டைக்காகவே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது என்றால் இந்த மக்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். தானியம் நன்றாக விளையாத தூரிங்கிய மலைப்பகுதிகளில் உருளைக்கிழங்கு வந்துதான் வயிற்றை நிறைத்தது. இங்கிருந்து தெற்கே, பவேரியாவின் வடகோடியில் இருக்கும் பில்கிராம்ஸ்ராய்த்தில் 1647இலேயே வயலில் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார்கள்.

ஒரு கிலோ பச்சைக்கிழங்கை நன்றாகப் பொடிதாகத் துருவி, துருவத் துருவக் குளிர்ந்த தண்ணீரில் விழச்செய்ய வேண்டும். வெட்டிய கிழங்கு காற்றுப் பட்டால் கறுக்கும். தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டால் நிறம் நிற்கும். முன்பெல்லாம் கந்தகத்தைக் கொளுத்தி அந்தப் புகையில் துருவலை வைத்து வெளுப்பாக்கினார்களாம். அது இப்போது தேவையில்லை.

அப்புறம் துணிப்பையில் போட்டுப் பிழிய வேண்டும். பாட்டி வீட்டில் அதற்கென்று திருகு வைத்த மர அழுத்தி இருக்கிறது. என்னிடம் ஒரு பழைய வேட்டித் துணிதான். பிழிந்த துருவல், பால் எடுத்த தேங்காய்ச் சக்கை போல வறண்டு உதிர வேண்டும். இதில் பாதி ஈரம் நின்றாலும் உருண்டை கரையும். பிழிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக ஸ்டார்ச் படிந்து கெட்டிப்படும். மேலே உள்ள தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் உள்ளதைச் சுரண்டித் துருவலோடு சேர்க்க வேண்டும். கடையிலிருந்து ஸ்டார்ச் பொட்டலம் வாங்கும் வேலையே இல்லை, கிழங்கே கொடுத்துவிடுகிறது.

இதற்கிடையில் அரை கிலோ கிழங்கைத் தோல் சீவி உப்புத் தண்ணீரில் குழைய வேகவைத்து, வெந்த தண்ணீரோடே மசித்துக் கூழாக்க வேண்டும். அந்தக் கூழ் மறுபடி அடுப்பில் ஏறி, குமிழ் விட்டுக் கொதிக்க வேண்டும். கொதிக்கும்போதே துருவல் மேல் ஊற்றி மரக்கரண்டியால் வேகமாக அடித்துக் கிளற வேண்டும். நான் முதல் தடவை தோற்றது இந்த இடத்தில்தான். கூழை இறக்கி வைத்துவிட்டு மகளுக்கு என்னவோ எடுத்துக் கொடுக்கப் போனேன், திரும்பி வந்து ஊற்றினேன். கிழங்கு வேகாமல், ஸ்டார்ச் உப்பாமல், பானையில் போட்ட உருண்டைகள் ஒவ்வொன்றாகக் கஞ்சியாகிவிட்டன. சூடு போனால் கதை முடிந்தது. அதனால் பாட்டி எப்போதும் இரண்டு பேர் இருக்கும்போதுதான் செய்வார், ஒருவர் ஊற்ற ஒருவர் கிளற.

மாவு பாத்திரத்தின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும்போது, கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு சூட்டோடு உருட்டி உடனே பானையில் விட வேண்டும். ஒன்றரை கிலோ கிழங்குக்கு எட்டு அல்லது ஒன்பது உருண்டை. எனக்கு மொத்தம் ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது, கை வலிக்கவும் செய்யும். ஆனால் சுவை வேறு உலகம். லேசாகச் சாம்பல் நிறம், கொஞ்சம் சொரசொரப்பு, குழம்பை உறிஞ்சும் தன்மை, மண்வாசனையோடு உருளைக்கிழங்கின் முழு ருசி. என் நாத்தனார் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, "இதில் என்ன போட்டாய்?" என்று கேட்டாள். ஒன்றுமே போடவில்லை என்று சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

நடுவில் வைக்கும் ரொட்டித் துண்டுதான் இங்கே கவனிக்க வேண்டியது. வழக்கமாக வெண்ணெயில் வறுத்த கோதுமை ரொட்டி. குளூட்டன் இல்லாத ரொட்டியைச் சின்னச் சதுரமாக வெட்டி, எண்ணெயிலோ வீகன் மார்கரினிலோ நன்றாகச் சிவக்க வறுத்தால் போதும். அரைகுறையாக வறுத்தால் உள்ளே ஊறிக் கூழாகிவிடும். குளிர்காலத்தில் நான் வெந்த செஸ்ட்நட்டை உடைத்து வைக்கிறேன், மகளுக்கு அதுதான் பிடிக்கிறது.

பாதிக்குப் பாதி

வெந்த கிழங்கும் பச்சைத் துருவலும் ஏறக்குறைய சமமாகப் போடும் வழியும் உண்டு. 'ஹால்ப் உண்ட் ஹால்ப்' என்பார்கள். இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. துருவுவது, பிழிவது என்ற வேலை எல்லாம் அப்படியே இருக்கிறது, சுவை மட்டும் பாதிதான் கிடைக்கிறது. கொதிகூழ் வேண்டாம், வெந்ததை உலர்வாகப் பிழிந்து சேர்த்தால் போதும் என்பதால் கரையும் பயம் குறைவு. பட்டு உருண்டை கைவந்தபிறகு, பச்சை உருண்டைக்குப் போகும் முன் ஒரு பயிற்சியாகச் செய்து பார்க்கலாம். நான் இப்போது செய்வதில்லை.

கடையில் வாங்குவது

பொடி, குளிர்பெட்டியில் இருக்கும் பிசைந்த பச்சை மாவு, உறையவைத்த உருண்டை என்று மூன்று விதமாகக் கிடைக்கிறது. பொடிக்கு வழி போட்டவர்களில் முக்கியமானது ப்ஃபன்னி என்ற பெயர். 1949இல் மியூனிக்கில் வெர்னர் எக்கார்ட் தொடங்கியது. இன்று பாதி ஜெர்மனி ஞாயிறு உருண்டையைப் பொட்டலத்திலிருந்துதான் எடுக்கிறதோ என்று கடை அலமாரியைப் பார்த்தால் தோன்றும். அதில் தவறில்லை. சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்கக் கூடாது. சிலவற்றில் கோதுமை ரவையோ பால்பொடியோ முட்டையோ இருக்கும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி இந்த மூன்றும் ஒவ்வாமைப் பொருட்கள் என்பதால், பொருள் பட்டியலில் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். அதனால் தேட வேண்டிய சொற்கள் மூன்றே: வைட்ஸன் (கோதுமை), ஐ (முட்டை), மில்ஷ் (பால்). குளிர்பெட்டி மாவு கறுக்காமல் இருக்கக் கந்தக உப்பு சேர்ப்பதும் உண்டு. அது ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீலியாக் உள்ளவர்களுக்கு இன்னொரு படி இருக்கிறது. பட்டியலில் கோதுமை இல்லை என்பது மட்டும் போதாது. 'குளூட்டன் இல்லாதது' என்று எழுத வேண்டுமென்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது சட்டம். 'தடயங்கள் இருக்கலாம்' என்ற எச்சரிக்கையை எழுதுவதோ நிறுவனத்தின் விருப்பம்தான், அது இல்லாததால் பாதுகாப்பு என்று நினைத்துவிட முடியாது. மகளுக்கு நான் குறுக்கே கோடு போட்ட கதிர் முத்திரை உள்ளதை மட்டுமே வாங்குகிறேன். சுவையைப் பொறுத்தவரை, பொடியை விடக் குளிர்பெட்டி மாவு எவ்வளவோ மேல். பொடியில் செய்தது எனக்கு எப்போதும் அட்டை வாசனை அடிக்கிறது.

உணவகத்தில் சாப்பிடுவதையும் ஒரு வழியாக எண்ணியிருந்தேன், இப்போது விட்டுவிட்டேன். உருண்டையில் கோதுமை இல்லை என்று உறுதியாகச் சொன்ன ஒரு இடத்தில், ரொட்டி உருண்டை வெந்த அதே தண்ணீரில் இதையும் போட்டிருந்தார்கள். மகள் இரண்டு நாள் வயிற்று வலியில் துடித்தாள். வீட்டிலும் அதே கவனம் வேண்டும். கோதுமை மாவு தேய்த்த மரப்பலகை, பாஸ்தா வடிகட்டிய சல்லடை, பழைய மரக்கரண்டி இவற்றைத் தொடாமல் தனியாக ஒரு செட் வைத்திருக்கிறேன்.

எந்த வழியானாலும் பானையில்

அகலமான பானையில் உப்புத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, பிறகு தீயைக் குறைத்துவிட வேண்டும். உருண்டை போட்ட பிறகு தளதளவென்று கொதித்தால் உடையும், லேசாக அசைந்தால் போதும். ஒரு ஸ்பூன் ஸ்டார்ச்சைக் குளிர்ந்த நீரில் கரைத்து அந்தத் தண்ணீரில் ஊற்றினால் வெளிப்பக்கம் கரையாமல் நிற்கும். எல்லாவற்றையும் போடும் முன் ஒரே ஒரு சோதனை உருண்டையைப் போட்டுப் பாருங்கள். கரைந்தால் மீதி மாவில் இரண்டு ஸ்பூன் ஸ்டார்ச், ரப்பராக இருந்தால் கொஞ்சம் மசித்த கிழங்கு. அளவைப் பொறுத்து 15 முதல் 20 நிமிடம். மேலே மிதந்து வந்தபிறகும் ஐந்து நிமிடம் விட வேண்டும்.

குழம்பில் கோதுமை ஒளிந்திருக்கும் இடங்கள் அதிகம். கெட்டியாக்க மாவு வேண்டாம், ஸ்டார்ச்சே போதும். சாதாரண சோயா சாஸில் கோதுமை உண்டு, குளூட்டன் இல்லாதது என்று எழுதிய தமாரி வாங்குங்கள். உலர்ந்த காளானை ஊறவைத்து, வெங்காயத்தை நன்றாகக் கறுக்க வதக்கி, தக்காளிப் பேஸ்ட் போட்டுச் செய்தால் இறைச்சிக் குழம்பைத் தேட மாட்டார்கள். ஒயின் ஊற்றுவதானால் வீகன் என்று எழுதியதா என்று பாருங்கள், முட்டை வெள்ளையால் தெளியவைத்த ஒயினும் விற்கிறது.

என் வீட்டில் இப்போது இப்படித்தான் நடக்கிறது. சாதாரண ஞாயிறு என்றால் பட்டு உருண்டை, சைலீசியாக் கைக்கணக்கில். நாத்தனார் வரும் நாள், கிறிஸ்துமஸ் விடுமுறை, கூழ் ஊற்ற இன்னொரு கை இருக்கும் நாள் என்றால் பச்சை உருண்டை. வாரநாளில் மகள் ஆசையாகக் கேட்டால் முத்திரை பார்த்து வாங்கிய குளிர்பெட்டி மாவு. எதைச் செய்தாலும் நாலு உருண்டை அதிகமாகவே போடுகிறேன். திங்கட்கிழமை காலை அவற்றை வட்டமாக வெட்டி, இரும்புக் கல்லில் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் முறுகவிட்டுக் கொடுத்தால், மகள் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.